வேலை கிடைத்த மறுநாள்

மாற்றுத்திறனாளிகளுக்கு வேலை என்று பேச்செடுத்தால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது வேலைவாய்ப்பு முகாம்தான். கல்லூரி வளாகத்தில் பந்தல் போட்டு, கம்பெனிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சாயங்காலம் மேடையில் பணி நியமன ஆணை கொடுப்பார்கள். மறுநாள் பேப்பரில் படம் வரும். முகாம் தேவையில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வீட்டைவிட்டு வெளியே வராத எத்தனையோ பேர் முதன்முதலாக ஒரு முதலாளியை நேருக்கு நேர் பார்ப்பது அங்கேதான். ஆனால் ஆணை வாங்கியவர் ஆறு மாதம் கழித்து எங்கே இருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது.

திருப்பூர்ப் பக்கம் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் எனக்கு அந்த ஆறு மாதத்தோடுதான் வேலை. வேலைக்குச் சேர்த்துவிடுவது பாதிதான். சேர்ந்தவரை கம்பெனியில் போய்ப் பார்ப்பது, சூப்பர்வைசரோடு பேசுவது, வீட்டாரோடு பேசுவது, எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது, இதெல்லாம் மீதிப் பாதி. இத்தனை காலம் இதில் இருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. நம் ஆட்கள் வேலை தெரியாமல் வேலையை விடுவது குறைவு. வேலையைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் சரியில்லாமல் விடுவதுதான் அதிகம். அவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக் கூடியவை. சரிசெய்ய ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம். நாடு முழுவதும் அவர்களில் வேலையில் இருந்தவர்கள் 36 சதவீதம்தான். ஆண்களில் 47 சதவீதம், பெண்களில் 23 சதவீதம். இந்தக் கணக்கில் குழந்தைகளும் முதியவர்களும் அடக்கம் என்பதைக் கழித்துக்கொண்டு பார்த்தாலும், பெண்களின் நிலைமை என்ன என்பது கண்ணில் அடிக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 3 சதவீதமாக இருந்த அரசு வேலை ஒதுக்கீடு இதில் 4 சதவீதமானது. பார்வை, செவி, கை கால் இயக்கம் ஆகிய மூன்றுக்கும் தலா 1 சதவீதம். ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மனநோய் போன்றவற்றுக்குச் சேர்த்து 1 சதவீதம். இந்த நான்காவது பிரிவு முந்தைய சட்டத்தின் ஒதுக்கீட்டில் கிடையாது. நாற்பது சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு என்று சான்றிதழ் இருந்தால்தான் ஒதுக்கீட்டில் வரலாம்.

தனியார் கம்பெனிகளுக்கு ஒதுக்கீடு கட்டாயம் இல்லை. "அப்ப எங்களுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்லீங்களே" என்று முதலாளிகள் என்னிடம் சொல்வது இதை வைத்துத்தான். சம்பந்தம் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 21ஆம் பிரிவு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனமாக இருந்தால், எந்தெந்த வேலைகள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை, என்ன வசதி செய்து தரப்படும், ஆளெடுப்பது எப்படி, பதவி உயர்வு எப்படி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். இதைப் பார்த்துக்கொள்ளத் தொடர்பு அலுவலர் ஒருவரையும் நியமிக்க வேண்டும் என்கின்றன 2017ஆம் ஆண்டு விதிகள். நான் போகிற கம்பெனிகளில் இந்தத் தாள் சுவரில் ஒட்டியிருந்து பார்த்தது மிக அபூர்வம்.

சட்டத்தில் என் வேலைக்கு உயிர்நாடியாக இருப்பது 'நியாயமான ஏற்பாடு' என்ற கருத்து. ஒருவர் மற்றவர்களோடு சமமாக வேலை செய்ய என்ன மாற்றம் தேவையோ, அது முதலாளிக்கு அளவுக்கு மீறிய சுமையாக இல்லாதவரை அதைச் செய்து தர வேண்டும். 2021இல் விகாஸ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பிரச்சினை உள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வு எழுத உதவியாளர் கேட்டார். 40 சதவீதச் சான்றிதழ் இல்லை என்பதற்காக அதை மறுக்கக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது. ஒதுக்கீட்டுக்குச் சதவீதம் வேண்டும். ஏற்பாட்டுக்குத் தேவை இருந்தாலே போதும்.

இனி, அந்த ஏற்பாடு தரையில் எப்படி இருக்கும் என்று பார்ப்போம்.

செக்கிங் டேபிள்

ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் காது கேளாத பெண் ஒருவர் சேர்ந்தார். கண் அவ்வளவு கூர்மை. ஊசி பட்டு விழுந்த சின்ன ஓட்டை, எண்ணெய்க் கறை, கழுத்துப் பட்டையில் விட்டுப்போன தையல் எதுவும் தப்பாது. பிழை இருக்கும் இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த பீஸுக்குப் போய்விடுவார். ஆனால் ஒரு மாதம் ஆவதற்குள் சூப்பர்வைசர் எனக்குப் போன் செய்தார்.

"அம்மிணிக்குத் திமிருங்க. கூப்பிட்டா திரும்பியே பாக்க மாட்டேங்குது. நேத்து எல்லாரும் நைட் நின்னாங்க, இது பாட்டுக்குப் பையை எடுத்துட்டுக் கெளம்பிருச்சு."

போய்ப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் இருக்கை நடைபாதைக்கு முதுகு காட்டி இருந்தது. சூப்பர்வைசர் எப்போதும் பின்னாலிருந்துதான் வருவார். காது கேட்காது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் கத்திக் கூப்பிட்டே பழகிய வாய், கூப்பிட்டபின் திரும்பாதவர் மேல் கோபம் வந்துவிடுகிறது. ராத்திரி வேலை இருக்கிறது என்ற அறிவிப்பு மைக்கில் வருகிறது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்கள்.

செய்த மாற்றங்கள் இவ்வளவுதான். ஸ்டூலை மேசையின் மறுபக்கம் போட்டோம். யார் வந்தாலும் முகம் தெரியும். ராத்திரி வேலை உண்டா இல்லையா என்பதை வாசல் பக்கப் பலகையில் சாக்பீஸால் எழுதச் சொன்னோம். வாட்ஸ்அப் குழுவில் அவரைச் சேர்த்தோம். தள்ளிவிட வேண்டிய பிழைகளையும் விட்டுவிடக் கூடியவற்றையும் நிஜத் துணியில் வெட்டி, ஓர் அட்டையில் வரிசையாக ஒட்டி, பக்கத்தில் சரி, தப்பு என்று குறி போட்டு மாட்டினோம். அதே டேபிளில் புதிதாகச் சேர்ந்த காது கேட்கும் பிள்ளைகளும் அந்த அட்டையைப் பார்த்துத்தான் தொழில் கற்றுக்கொண்டார்கள். தீ எச்சரிக்கைக்கு மணியோடு சேர்த்துச் சிவப்பு விளக்கும் எரியும்படி எலக்ட்ரீசியன் ஒரு மதியத்தில் வயர் இழுத்துக் கொடுத்தார்.

காசு செலவானது விளக்குக்கு மட்டும்தான். வேலையிட ஏற்பாடுகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஜாப் அக்காமடேஷன் நெட்வொர்க் என்ற அமெரிக்க அமைப்பு, பல ஆண்டுகளாக முதலாளிகளிடம் இதன் செலவைக் கேட்டு வருகிறது. ஏறக்குறைய பாதி ஏற்பாடுகளுக்குச் செலவே இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வருகிற பதில். "ரொம்பச் செலவாகுமோ" என்ற பயத்தோடு பேசும் முதலாளிகளிடம் நான் முதலில் அந்த ஸ்டூலைத்தான் கொண்டுபோய்க் காட்டுவேன்.

இன்னொன்றும் நடந்தது. அந்தப் பெண் டேபிளில் இருந்த எல்லோருக்கும் சைகையில் ஆளுக்கொரு பெயர் வைத்தார். கன்னத்தில் குழி விழும் அக்காவுக்கு ஒன்று, எப்போதும் கொண்டையில் பூ வைக்கிறவருக்கு ஒன்று. ஒருவரையொருவர் கூப்பிட அவர்கள் அதையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். பவர் டேபிள் தையல் மெஷின்களின் இரைச்சலில் வாயால் கூப்பிட்டால் யாருக்குமே கேட்காது. சைகை எல்லோருக்கும் உதவியாக இருந்தது.

முதலில் வேலை, பிறகு பயிற்சி

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் நம்மிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறது. முதலில் பயிற்சி மையம். அங்கே மெழுகுவத்தி, காகிதக் கவர், ஊதுவத்தி. 'தயார்' ஆன பிறகு வேலை. அந்தத் தயார் என்கிற நாள் பலருக்கு வருவதே இல்லை. பதினெட்டு வயதில் மையத்துக்கு வந்தவர் முப்பத்தைந்திலும் அங்கேயே கவர் ஒட்டிக்கொண்டிருக்கிறார்.

இந்த முறையை முதலில் அசைத்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் மார்க் கோல்ட். 1970களில், எதையும் கற்க முடியாது என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பதினைந்து பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். வேலையைச் சிறுசிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் செய்துகாட்டி, செய்யவைப்பது அவர் வழி. கற்றுக்கொள்ளவில்லை என்றால் கற்றுக்கொடுக்கும் விதத்தை மாற்று என்பது அவர் கொள்கை. அடுத்த பத்தாண்டில் அங்கே இன்னொரு முறை வேரூன்றியது. உண்மையான கம்பெனியில், உண்மையான சம்பளத்துக்கு முதலில் சேர்த்துவிடு. பிறகு அந்த இடத்திலேயே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடு. தேவை குறையக் குறையப் பின்வாங்கு. ஆனால் முழுதாகக் கைவிட்டுவிடாதே.

எங்களுடைய ஒரு தம்பி பேக்கிங்கில் சேர்ந்தது இப்படித்தான். மடித்த டி-ஷர்ட்டுகளை டஜன் டஜனாகக் கட்ட வேண்டும். அவருக்குப் பன்னிரண்டு வரை எண்ண வராது. ஆறு, ஏழு வந்ததும் குழம்பிவிடும். எண்ணிக்கை குறைந்த பெட்டி ஏற்றுமதிக்குப் போனால் கம்பெனிக்குப் பெரிய தலைவலி.

ஒரு பிளைவுட் பலகையில் பன்னிரண்டு கட்டங்கள் வரைந்தோம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பீஸ். கட்டம் எல்லாம் நிறைந்தால் ஒரு டஜன். எண்ணவே வேண்டாம். எஸ், எம், எல் என்று எழுத்தைப் பார்த்துப் பிரிப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு சைஸுக்கும் ஒரு நிற டேப்பைப் பெட்டியிலும் ரேக்கிலும் ஒட்டினோம். முதல் வாரம் முழுக்க அவர் பக்கத்தில் நின்றேன். அடுத்த வாரம் காலையில் மட்டும். பிறகு என் இடத்தைப் பக்கத்து டேபிள் அக்கா எடுத்துக்கொண்டார். "கண்ணு, மஞ்சள் டேப்பு எந்த ரேக்கு?" என்று அவர் கேட்பார், தம்பி கை காட்டுவார். அந்த அக்காவுக்கு யாரும் சம்பளம் கொடுத்து இதைச் செய்யச் சொல்லவில்லை. கம்பெனிக்குள் இப்படி ஒருவர் கிடைத்துவிட்டால் வெளியிலிருந்து போகிற என்னைப் போன்றவர் நிம்மதியாக விலகலாம். நான் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதல் வாரத்தில் தேடுவது அந்த ஒருவரைத்தான்.

"பலகை இல்லாம எப்பச் செய்வான்?" என்று மேனேஜர் கேட்டார். டெய்லர் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தைக்கிறார், அதைக் கழற்றிவிட்டு எப்போது தைப்பார் என்று யாரும் கேட்பதில்லை. பலகையும் அப்படித்தான் என்றேன். அதன் பிறகு அவர் கேட்கவில்லை.

வேலையை விடவைக்கும் காரணங்கள்

வேலையை விட்டவர்களிடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் முதலில் "சரிப்பட்டு வரலீங்க" என்பார்கள். கொஞ்சம் உட்கார்ந்து பேசினால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும்.

முதல் காரணம் கழிப்பறை. ஊன்றுகோலோடு நடக்கும் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கிறார்கள். கழிப்பறை மாடியில் இருக்கும், அல்லது கீழே இருந்தாலும் குந்தி உட்கார வேண்டியதாக இருக்கும். சில மாதத்தில் சிறுநீர்த் தொற்று, காய்ச்சல், லீவு, கடைசியில் வேலையும் போய்விடும். ஒரு மேற்கத்தியக் கழிப்பறை, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, தரைத்தளத்தில் இருக்கை. இவை மூன்றும் ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றும். படிக்குப் பதில் சாய்தளம் போடுகிறவர்கள் செங்குத்தாகப் போட்டுவிடாதீர்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது அளவு. அதற்கு மேல் செங்குத்தாக இருந்தால் சக்கர நாற்காலியில் தானாக ஏற முடியாது, இறங்கும்போது குப்புற விழுவார்கள்.

இரண்டாவது பஸ். பாஸ் இருக்கும், ஆனால் ஏற முடியாது. முதல் படியே முழங்கால் உயரம். ஷிப்ட் முடிந்து கூட்டத்தில் நின்று, இரண்டு பஸ்ஸை விட்டு மூன்றாவதில் ஏறி வீடு சேர்வதற்குள் உடம்பு சோர்ந்துவிடும். இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழக அரசு தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. அது கிடைத்த பிறகு வேலை நிலைத்தவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கும் காலத்தில், அரை மணி முன்னால் வந்து அரை மணி முன்னால் போகக் கம்பெனி அனுமதித்தாலே போதும், கூட்டத்துக்கு முன் பஸ் ஏறிவிடலாம்.

மூன்றாவதைச் சொன்னால் பலர் ஆச்சரியப்படுவார்கள். இரக்கம். "பாவம், நீ சும்மா உக்காரு தம்பி, நாங்க பாத்துக்கறோம்." நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். வேலையே கொடுக்காமல் உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஒரு மனிதன் இதை எத்தனை நாள் தாங்குவான்? கற்றுக்கொள்ள எதுவும் இல்லை, மற்றவர்களோடு பேச வேலை விஷயம் இல்லை. ஆர்டர் குறையும் காலத்தில் முதலில் நிறுத்தப்படுவதும் அந்த ஆள்தான். பிழை செய்தால் மற்றவர்களிடம் சொல்வது போலவே இவரிடமும் சொல்லுங்கள். டார்கெட் கொடுங்கள். அதேபோல் பீஸ் ரேட்டும் ஷிப்ட் கூலியும் அடுத்தவருக்கு என்னவோ அதுவே இவருக்கும். "இவங்களுக்கு வேலை கொடுத்ததே பெருசு" என்று கூலியில் கை வைக்கிற இடத்துக்கு நாங்கள் ஆள் அனுப்புவதில்லை.

நான்காவது, வீடு. உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயம். "இத்தனை வருசம் வீட்லயே வச்சுப் பாத்துட்டோம், வெளிய அனுப்பி ஏதாச்சும் ஆயிட்டா?" என்று கேட்கும் அம்மாவின் பயம். இந்தப் பயத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் அந்த அம்மாவைக் கம்பெனிக்கே கூட்டிக்கொண்டு போவேன். பிள்ளை எந்த மேசையில் உட்காருவான், சாப்பாடு எங்கே, பக்கத்தில் யார் என்று காட்டுவேன். சூப்பர்வைசர் நம்பரை வாங்கிக் கொடுப்பேன். பார்த்துவிட்டு வந்த அம்மாக்கள் பெரும்பாலும் மறுநாள் காலையில் டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

கண்ணுக்குத் தெரியாதவர்கள்

மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்கு வேலை தேடுவது இன்னும் கடினம். ஊன்றுகோல் இருந்தால் எதிரில் இருப்பவருக்குப் புரிகிறது. மாத்திரையின் மயக்கம் காலை ஒன்பது மணி வரை இருக்கும் என்பது பார்த்தால் தெரியாது. "சோம்பேறி" என்று பெயர் வாங்கிவிடுவார்கள். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு நோய் உள்ளவர்களுக்கு மருந்தோடு மறுவாழ்வையும் சேர்த்தே பார்த்து வந்திருக்கிறது. வேலை செய்வதே குணமாவதன் பகுதி என்பதை நம் ஊரிலேயே செய்து காட்டியவர்கள் அவர்கள்.

1990களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் உருவாக்கிய முறை இதையே இன்னும் கறாராகச் சொல்கிறது. வேலை செய்ய விரும்புகிற யாரையும் "நீ இன்னும் தயாரில்லை" என்று திருப்பி அனுப்பக் கூடாது. அவர் விரும்பும் வேலையை உடனே தேடத் தொடங்க வேண்டும். சிகிச்சை தருகிறவரும் வேலை தேடித் தருகிறவரும் ஒரே குழுவாக இருக்க வேண்டும். வேலையில் சேர்ந்த பிறகும் துணை தொடர வேண்டும். பல நாடுகளில் ஒப்பிட்டுச் சோதித்துப் பார்த்ததில், பழைய பயிற்சி முறையைவிட இதில் வேலை கிடைத்தவர்கள் தெளிவாகவே அதிகம்.

நோயைப் பற்றிக் கம்பெனியில் சொல்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அந்த நபர் மட்டுமே. நானோ அவர் அப்பாவோ அல்ல. சொல்ல வேண்டாம் என்றால், காரணம் சொல்லாமலேயே கேட்கக் கூடிய ஏற்பாடுகள் இருக்கின்றன. இரவு ஷிப்ட் வேண்டாம், காலை பத்து மணிக்கு வருகிறேன், மாதம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இவற்றைக் கேட்க நோயின் பெயரைச் சொல்லியாக வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர் முன்னால்

பார்வையற்ற பட்டதாரிகளுக்கு இப்போது இருக்கும் வாய்ப்பு ஒரு தலைமுறைக்கு முன் நினைத்துப் பார்க்க முடியாதது. 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் எழுதத் தொடங்கி, ஜேம்ஸ் டே உடன் சேர்ந்து வளர்த்த என்விடிஏ என்ற மென்பொருள், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும். இருவருமே பார்வையற்றவர்கள். விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்றிருந்த கருவியை உலகுக்கே இலவசமாக்கினார்கள். தமிழும் படிக்கும். சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபின், ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்து, 2015இல் இந்திய வெளியுறவுப் பணிக்குப் போனார். முழுப் பார்வையின்மையோடு அந்தப் பணியில் சேர்ந்த முதல் ஆள் அவர்.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் போதாது. அலுவலகத்தின் மென்பொருளில் பொத்தான்களுக்குப் பெயர் வைக்காமல் படம் மட்டும் போட்டிருந்தால் என்விடிஏ என்ன படிக்கும்? "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று மட்டும் சொல்லும். ஸ்கேன் செய்த கடிதம் அதற்கு வெறும் படம். கட்டத்தில் உள்ள கோணல் எழுத்தைத் தட்டச்சு செய் என்று உள்நுழையும் பக்கத்திலேயே கேட்டால், வேலைநாள் தொடங்கும்போதே அடுத்தவர் உதவி தேவைப்படுகிறது. புது மென்பொருள் வாங்கும் நாளிலேயே "திரைவாசிப்பானோடு வேலை செய்யுமா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் பதில் வர வருடங்கள் ஆகும்.

வேலையில் இருக்கும்போது வந்தால்

மாற்றுத்திறன் என்பது பிறவியிலேயே வருவது என்று நினைக்கிறோம். பஸ் விபத்து, சர்க்கரையால் கால், பக்கவாதம் என்று நடுவயதில் வந்து சேர்பவர்கள் ஏராளம். அரசு வேலையில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது என்கிறது சட்டத்தின் 20ஆம் பிரிவு. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில், அதே சலுகைகளோடு வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். பொருத்தமான இடம் இல்லையென்றால், கிடைக்கும்வரை அல்லது ஓய்வு பெறும்வரை அவருக்கென்று கூடுதல் பணியிடம் உருவாக்கி வைத்திருக்க வேண்டும். பணியில் இருந்தபோது காலை இழந்த குணால் சிங் என்ற காவலரின் வழக்கில், 2003இலேயே, பழைய சட்டத்தின் கீழ், உச்ச நீதிமன்றம் இந்தப் பாதுகாப்பை உறுதி செய்தது. இது தெரியாமல் விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். யார் நீட்டினாலும், படித்துப் பார்க்காமல், தெரிந்தவரிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியார் கம்பெனிகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் பத்து வருடம் தைத்த கைக்குத் துணியைப் பற்றித் தெரிந்தது புது ஆளுக்குத் தெரியாது. நிற்க முடியாத கட்டிங் மாஸ்டர் உட்கார்ந்தபடி பேட்டர்ன் போடலாம், புது ஆட்களைப் பழக்கலாம். அந்த அனுபவத்தை வாசலுக்கு வெளியே அனுப்புவது கம்பெனிக்கும் நஷ்டம்தான்.

யார் என்ன செய்யலாம்

முதலாளிகளுக்கு: மாதம் 25,000 ரூபாய்வரை சம்பளம் வாங்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு முதல் மூன்று ஆண்டுகள் முதலாளி கட்ட வேண்டிய பிஎப், இஎஸ்ஐ பங்கைத் தானே ஏற்பதாக மத்திய அரசு 2008இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. உங்கள் ஆடிட்டரிடம் விசாரியுங்கள். அதோடு, நேர்காணலில் "உனக்கு என்ன குறை?" என்று தொடங்காமல், "இந்த வேலை இப்படி, இதைச் செய்ய உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். முடிந்தால் பேச்சை விட்டுவிட்டு ஒரு நாள் வேலை கொடுத்துப் பாருங்கள். பேச்சில் தடுமாறுகிறவர்கள் மேசையில் பிரமாதமாக இருப்பார்கள்.

சூப்பர்வைசர்களுக்கு: ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் சொல்லுங்கள், செய்து காட்டுங்கள். முதல் மாதம் வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் தனியாக உட்கார்ந்து பேசுங்கள். சின்ன மனத்தாங்கல் ராஜினாமாவாக மாறுவதற்கு முன் அந்த ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

வேலை தேடுகிறவர்களுக்கு: யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு இரண்டையும் தள்ளிப்போடாதீர்கள். தமிழக அரசின் உரிமைகள் திட்டத்தின் கீழ் திறக்கப்பட்டுவரும் 'விழுதுகள்' மையங்கள் உங்கள் பக்கத்தில் இருந்தால் போய் விசாரியுங்கள். சென்னை கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்புச் சேவை மையம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், உங்களுக்கு என்ன ஏற்பாடு தேவை என்பதை நீங்களே இரண்டு வரியில் சொல்லப் பழகுங்கள். உங்கள் உடம்பை உங்களைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. கேட்பது உரிமை, சலுகை அல்ல.

திட்டம் தீட்டுகிறவர்களுக்கு: வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கையோடு ஓராண்டு கழித்தும் வேலையில் இருப்பவர்களின் எண்ணிக்கையையும் கேளுங்கள். பின்தொடர்ந்து பார்க்கும் ஆளுக்குச் சம்பளம் ஒதுக்குங்கள். அந்த ஆள் இல்லாத திட்டம் பாதித் திட்டம்.

அடுத்த படி

இதையெல்லாம் செய்து ஒருவர் வேலையில் நிலைத்துவிட்டால் நம் கடமை முடிந்ததா? இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நல்ல கம்பெனிகளே அதில் விழுகின்றன. கூடச் சேர்ந்தவர்கள் சூப்பர்வைசர் ஆகிவிடுவார்கள். மாற்றுத்திறனாளி மட்டும் சேர்ந்த நாளில் உட்கார்ந்த அதே மேசையில் இருப்பார். "அவருக்கு இதுவே வசதியா இருக்குதுங்க" என்பார்கள். அவரிடம் யாராவது கேட்டார்களா என்றால், இல்லை.

அரசு வேலையில், மாற்றுத்திறன் ஒன்றையே காரணமாக்கிப் பதவி உயர்வை மறுக்கக் கூடாது என்பது சட்டம். பதவி உயர்விலும் இட ஒதுக்கீடு உண்டு என்பதை 2021இல் லீசம்மா ஜோசப் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தனியாரில் அது முதலாளியின் மனசைப் பொறுத்தது. செக்கிங் டேபிளில் இருந்த அந்தப் பெண் இப்போது புதிதாக வருகிறவர்களுக்குப் பிழை பார்க்கக் கற்றுக்கொடுக்கிறார். ஆனால் சம்பளப் பட்டியலில் அவர் இன்னும் செக்கர்தான். தரக் கட்டுப்பாட்டாளர் பதவிக்கு அவர் பெயரைச் சொன்னபோது, "பையர் வந்தா யாருங்க பேசுவாங்க?" என்று கேட்டார்கள். அளவு எழுதிய தாளும், பிழையைச் சுட்டும் விரலும், ஒரு போனும் இருந்தால் பையரோடு பேச முடியும். நாங்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம், விடுவதாக இல்லை.

தீபாவளி போனஸ் முடிந்தால் இந்த ஊரில் ஆட்கள் கம்பெனி மாறுவார்கள், பல பதவிகள் காலியாகும். உங்கள் கம்பெனியில் அப்படி ஓர் இடம் காலியாகும்போது, யாரைப் போடலாம் என்று எழுதும் பட்டியலில் உங்களிடம் வேலை செய்யும் மாற்றுத்திறனாளியின் பெயரையும் எழுதுங்கள். எழுதிவிட்டு அவரைக் கூப்பிட்டு, "இந்த வேலைக்கு வர்றீங்களா, வந்தா என்ன ஏற்பாடு வேணும்?" என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் பரவாயில்லை. முடிவு அவருடையதாக இருக்கட்டும்.